ஏழாம் நம்பர் வீட்டு ஓட்டை

அமிர்தலிங்கத்தின் வீட்டுக் கூரை பறந்தது ஒரு மார்ச் மாத மத்தியானம். மூன்று நிமிடம் காற்று வந்தது, நான்கு தகரத்தை எடுத்துக்கொண்டது, போய்விட்டது. அவற்றில் ஒன்று வெற்றிலை மடித்த மாதிரி மடங்கி, செம்பனை மரங்களுக்கு நடுவே கிடைத்தது. மற்ற மூன்றும் எங்கே போயின என்று தோட்டத்தில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கோலா பிலா டவுனிலிருந்து பதினோரு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் அந்தத் தோட்டத்தின் கீழ் லயத்து வரிசை வீடுகளில் மிச்சம் இருந்ததே ஒன்பது குடும்பம்தான். மற்றவர்கள் அம்பாங்கான், மந்தின் டவுன்களுக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. அமிர்தலிங்கம் முப்பத்தொரு வருடம் செம்பனைக் குலை வெட்டினார். முட்டி தேய்ந்த பிறகு நர்சரியில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். குடியிருக்கும் ஏழாம் நம்பர் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அதில் ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதென்றாலும் ஆபிசில் சொல்லிவிட்டுத்தான் அடிப்பார். சொல்லாமல் அடிப்பவர்கள்தான் லயத்தில் அதிகம். அவர் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை.

ஆகவே கூரை போன மறுநாளே ஆபிசுக்குப் போய், அங்கே கணக்கு எழுதும் கிராணி பெர்னார்டிடம் எழுதிக் கொடுத்தார். பெர்னார்ட் மேலே அனுப்பினார். ஜூன் மாதம் தகரம் வரும் என்று பதில் வந்தது. அதுவரை கன்வாஸ் துணியை இழுத்துக் கட்டி, கீழே ஏழு இடத்தில் பாத்திரம் வைத்தார்கள். ஒரே மகள் ரதிக்கு நவம்பர் கடைசியில் தலைப்பிரசவம். ஒன்பது மாதம் ஆனதும் அவளை மந்தினில் இருக்கும் மாமியார் வீட்டிலிருந்து அழைத்து வர வேண்டும். ஜூனுக்கும் நவம்பருக்கும் நடுவே ஐந்து மாதம் கிடக்கிறதே என்று அவர் மனைவி மயிலம்மாள் விரல் விட்டு எண்ணி வைத்திருந்தாள்.

மே மாதக் கடைசியில் லயத்துக்குள் மூன்று வேன் வந்தது.

லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. கழுத்தில் அட்டை தொங்க, கையில் ஃபைலோடு யார் வந்தாலும் எழுந்து நிற்க வேண்டும், அடையாளக் கார்டான ஐசியின் நகலைக் கொடுக்க வேண்டும், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கொசு மருந்து அடிக்க வந்தவர்களும் ஓட்டுக் கேட்டு வந்தவர்களும் அரிசி மூட்டை கொடுக்க வந்தவர்களும் அப்படித்தான் வந்தார்கள். எதற்கு என்று கேட்டவனுக்கு அரிசி கிடைக்காமல் போன கதையும் உண்டு. அதனால் எல்லா வீட்டிலும் பிஸ்கட் டின்னுக்குள் ஐசி நகல் தயாராக இருக்கும்.

வேனிலிருந்து இறங்கிய பதினான்கு பேர் கழுத்திலும் அட்டை தொங்கியது. முன்னால் வந்தவர் கதர் ஜிப்பாவும் காலில் விலை உயர்ந்த சப்பாத்தும் போட்டிருந்தார்.

"கூரையில ஓட்டை இருக்கற வீடு இதானுங்களா?"

"ஆமாங்க சார்."

"அதுக்காகத்தான் வந்திருக்கோம்."

அமிர்தலிங்கத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த வருடத்தில் அவருக்கு ஏற்பட்ட கடைசி உணர்ச்சி அது. ஜூனில் வரவேண்டியது மே மாதமே வந்துவிட்டதே என்று, காட்டிய பதினோரு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். மயிலம்மாள் பதினான்கு பேருக்கும் தேத்தண்ணி கலக்கினாள். குடித்துவிட்டு அவர்கள் ஓட்டைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓட்டையை அளந்தார்கள், படம் பிடித்தார்கள், போய்விட்டார்கள்.

ஒரு வாரம் கழித்துத் தகரம் நிஜமாகவே வந்தது. நான்கு. தோட்டத்து ஸ்டோரில் சாய்த்து வைத்திருந்ததை அமிர்தலிங்கம் தன் கண்ணாலேயே பார்த்தார். தூக்கப் போனவரை பெர்னார்ட் தடுத்து, நாற்காலியில் உட்காரச் சொல்லி, ஒரு கடிதத்தைக் காட்டினார். பல்கலைக்கழகத்துப் பல்துறைப் பண்பாட்டு ஊடாட்ட ஆய்வு மையத்திலிருந்து மேனேஜருக்கு வந்த கடிதம். ஏழாம் நம்பர் வீடு பதினெட்டு மாதத்துக்கு ஆய்வுக்களம். குடியிருப்பவர் தம் முழுச் சம்மதத்தைத் தெரிவித்திருக்கிறார். களத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. மேனேஜர் ஓரத்தில் பச்சை மையில் சரி என்று எழுதியிருந்தார்.

"இதுல ஓட்டையும் சேர்த்தியா?" என்றார் அமிர்தலிங்கம்.

"அண்ணே, ஓட்டைதான் களமே. வீடு சும்மா அதைச் சுத்தி இருக்குலா."

தகரத்தைக் கொடுக்கத் தனக்கு ஆசைதான் என்று பெர்னார்ட் சொன்னார். ஆனால் ஃபைல் ஓடிக்கொண்டிருக்கும்போது கிராணி குறுக்கே போகக் கூடாது. ஆராய்ச்சி முடிந்தது என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம், ஒரே ஒரு கடிதம் வரட்டும். தானே தோளில் தூக்கி வந்து கொடுப்பதாகச் சொன்னார்.

அன்றிலிருந்து அமிர்தலிங்கத்துக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அந்த ஒரு கடிதம்தான்.

பக்கத்து வீட்டு மாயாண்டி, பேசாமல் கடையில் நான்கு தகரம் வாங்கி ஏற்றும்படி சொன்னார். மாயாண்டியின் சமையல்கட்டும் ஒழுகியது. ஆனால் அது சின்ன ஓட்டை என்பதால் பல்கலைக்கழகம் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த வருத்தம் அவருக்குக் கொஞ்சம் இருந்தது. அமிர்தலிங்கம் ஒரே பதில்தான் சொன்னார். கையெழுத்துப் போட்டாச்சு.

ஜூலையில் ஆராய்ச்சி சூடு பிடித்தது.

ஒலியியல் துறை டாக்டர் எலெய்ன் செவ்வாய்க்கிழமைகளில் வந்தார். ஏழு பாத்திரத்துக்கும் ஏழு மைக்கு. மழை வராத செவ்வாய்க்கிழமையில் முகம் வாடிப் போவார். நல்ல மனுஷி. வரும்போதெல்லாம் மயிலம்மாளுக்கு ரொட்டி வாங்கி வருவார். பிளாஸ்டிக் வாளியில் சொட்டு விழும் ஓசை உண்மையாக இல்லை என்று அவருக்குப் பட்டதால், அலுமினிய வாளி ஒன்றைத் தானே கொண்டுவந்து வைத்தார். அதை எப்போதும் பாதி நிரம்பிய நிலையில் வைக்கும்படி கேட்டுக்கொண்டார். மழை நாளில் பாதியைக் கொட்டவும், வெயில் நாளில் பைப்பில் பிடித்துப் பாதி ஊற்றவும் மயிலம்மாள் பழகிக்கொண்டாள்.

பூஞ்சைத் துறை டாக்டர் யோகேந்திரன் வியாழக்கிழமை. சுவரில் சாக்பீஸால் நாற்பது கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தையும் துடைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மயிலம்மாள் பழக்கதோஷத்தில் இருபத்தெட்டாம் கட்டத்தைத் துடைத்துவிட்டாள். அடுத்த வியாழன் யோகேந்திரன் அதைப் பார்த்தார். அப்புறம் வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்தார். திரும்பி வந்து, "பரவால்லக்கா, அதுவும் ஒரு டேட்டாதான்," என்றார். யாரோ செத்த வீட்டில் பேசுகிற மாதிரி மயிலம்மாள் மெதுவாக மன்னிப்புக் கேட்டாள்.

மையத்தின் தலைவர், அந்தக் கதர் ஜிப்பாக்காரர், பேராசிரியர் திருநாவுக்கரசு. அவர் மாதம் ஒருமுறை வருவார். பேட்டி எடுப்பார்.

"கூரைன்னா உங்களுக்கு என்ன?"

அமிர்தலிங்கம் யோசித்தார். "மேல இருக்கறதுங்க."

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மூன்று பக்கம் எழுதினார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எழுதியது நனையாமல் இருக்க நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேனுக்கு ஓடினார்.

அந்த முறைதான் அமிர்தலிங்கம் வேன்வரை கூடவே நடந்து போய்க் கடிதத்தைக் கேட்டார். நவம்பரில் மகள் வருகிறாள் என்பதைச் சொல்லவில்லை. கூரை போட வேண்டும், கடிதம் வேண்டும் என்று மட்டும் சொன்னார். பேராசிரியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் குரலுக்காகத்தான் இந்த மையமே இருக்கிறது என்றார். இப்போது சொன்னதை இன்னொரு முறை சொல்ல முடியுமா, முதல்முறை ரெக்கார்டர் ஓடவில்லை என்றார். அமிர்தலிங்கம் இன்னொரு முறை சொன்னார். பேராசிரியர் மிகவும் நன்றி என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

ஆகஸ்டில், ஆய்விலிருந்து விலகுவதற்கான படிவம் ஒன்று தபாலில் வந்தது. பதினாறு பக்கம். மருமகன் தர்மேந்திரன் ஞாயிற்றுக்கிழமை மந்தினிலிருந்து வந்து உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தான். லோரி ஓட்டுகிறவன் என்றாலும் படிவம் நிரப்புவதில் கெட்டிக்காரன். அனுப்பினார்கள். செப்டம்பரில் பல்கலைக்கழக அறநெறிக் குழு கூட்டத்துக்கு அழைப்பு வந்தது.

அமிர்தலிங்கம் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்து, மூன்று பஸ் மாறிப் போனார். பல்கலைக்கழகத்தின் ஏழாவது மாடியில் நீண்ட மேசை. அதைச் சுற்றிப் பதினொரு பேர். ஏர்கான் குளிர் அப்படி அடித்தது. மேலே பார்த்தார். நல்ல கூரை. ஒரு கீறல் இல்லை.

அவருக்குக் கூரை வேண்டும் என்பது அவருடைய சொந்த விருப்பம்தானா, அல்லது கூரை போட்ட வீட்டையே வீடு என்று நினைக்கும்படி சமூகம் அவரைப் பழக்கிவிட்டதா என்று ஒருவர் கேட்டார். மகா முக்கியமான கேள்வி என்று மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதை அமிர்தலிங்கத்திடம் கேட்கலாமே என்றார் ஓர் அம்மாள். அவரிடம் கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார், அப்புறம் ஆய்வு கெட்டுவிடும் என்று இன்னொருவர் விளக்கினார். இறுதியில் பேராசிரியர் திருநாவுக்கரசு எழுந்தார்.

"விலகும் உரிமை அவருக்கு முழுமையாக உண்டு. அதை இந்த மையம் உயிரைக் கொடுத்தாவது காக்கும். ஆனால் அவர் ஏன் விலக விரும்புகிறார் என்பதைப் புரிந்துகொள்ளாமல் விலக விட்டால், அது அவரை அவமதிப்பது. எனவே அதைப் புரிந்துகொள்ள ஒரு துணை ஆய்வு தேவை. ஒன்பது மாதம் போதும்."

எல்லோரும் கை தூக்கினார்கள். பக்கத்தில் இருந்தவர் அமிர்தலிங்கத்தின் கையையும் மெதுவாகத் தூக்கிவிட்டார். ஏகமனதாக நிறைவேறியது. பகல் சாப்பாடு கொடுத்தார்கள். பிரியாணி நன்றாக இருந்ததா இல்லையா என்று மயிலம்மாள் கேட்டபோது அவருக்கு ஞாபகம் இல்லை.

அப்போதெல்லாம் அவருக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மழை பெய்தால் எழுந்து கட்டிலை நகர்த்துவார். நின்றால் திரும்ப நகர்த்துவார். நர்சரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது, வீட்டுக்குள்ளும் இதைத்தானே செய்கிறோம் என்று ஒரு நாள் தோன்றியது. தோன்றியதோடு சரி.

ரதி வாரத்துக்கு ஒருமுறை ஃபோன் செய்தாள். முதலில் சாப்பாடு, உடம்பு, எல்லாம் விசாரிப்பாள். கடைசியில்தான் கேட்பாள்.

"அப்பா, கூரை போட்டாச்சா?"

"ஆராய்ச்சி நடக்குதும்மா."

"மாமியார் கேக்கறாங்கப்பா. கூரை இல்லாத வீட்டுக்குப் பச்சப்புள்ளயக் கொண்டு போறியான்னு. நான் என்ன சொல்றது? ஒண்ணும் வேணாம்ப்பா, நான் இங்கேயே இருந்துக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் மயிலம்மாளிடம் சொல்லவில்லை. ஆனால் தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வராமல் போனால் லயத்தில் தலை காட்ட முடியாது என்பது அவள் கணக்கு. மாமியார் கையால் பத்தியச் சோறு தின்று மகள் படுத்திருப்பதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது. அந்த மனத்தாங்கலில், ஒரு செவ்வாய்க்கிழமை ரொட்டியைப் பிரித்துக்கொண்டே, டாக்டர் எலெய்னிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

எலெய்னின் கண் கலங்கியது. கட்டாயம் ஏதாவது செய்வதாகச் சொன்னார். செய்தார். அந்த வெள்ளிக்கிழமையே ஐந்து வேன் வந்தது. மகப்பேற்றுப் பண்பாட்டுப் பிரிவு என்று புதிதாக ஒன்று ஆய்வில் சேர்ந்திருந்தது. பேராசிரியர் திருநாவுக்கரசு வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்தார்.

"ஐயா, எங்க கிட்ட ஏன் சொல்லாம விட்டீங்க? ஒழுகற கூரைக்குக் கீழ ஒரு பச்சக் குழந்தை. இதுக்கு மேல ஒரு களம் ஆசியாவுலயே கெடைக்காது. நாங்க பதினெட்டை முப்பத்தாறு மாசம் ஆக்கிட்டோம்."

தொட்டிலை எங்கே கட்டினால் எலெய்னின் மைக்குக்கும் யோகேந்திரனின் கட்டத்துக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருக்கும் என்று அவர்கள் நாடா பிடித்து அளந்தார்கள். மயிலம்மாள் அவர்களுக்குத் தேத்தண்ணி கலக்கவில்லை. அவள் செய்த எதிர்ப்பு அது ஒன்றுதான். பிரிவு அதையும் குறித்துக்கொண்டது.

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை பல்கலைக்கழகத்தில் பெரிய மாநாடு. கூரை ஆய்வின் இடைக்கால முடிவுகளை வெளியிடுகிறார்கள். சக ஆய்வாளர் அமிர்தலிங்கம் மேடையில் கௌரவிக்கப்படுவார் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. எழுத்து மூலமாகக் கேட்டுக் கிடைக்காத கடிதம் நேரில் கேட்டால் கிடைக்கும் என்று அமிர்தலிங்கம் நினைத்தார். பஸ்ஸில் போனால் கூட்டம் முடிந்துவிடும் என்று தர்மேந்திரன் தன் லோரியிலேயே கூட்டிப் போனான்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள். நடுவே ஏழாம் நம்பர் வீடு இருந்தது. அதே பச்சைக் கதவு, அதே நாற்பது கட்டம், அதே கட்டில். மேலே பளபளவென்று புதுத் தகரக் கூரை. அதில் அளவு தவறாமல் ஓர் ஓட்டை. ஓட்டைக்கு மேலே குழாய் வைத்து, நிமிடத்துக்கு இருபத்திரண்டு சொட்டு விழும்படி மிஷின் பொருத்தியிருந்தார்கள். விருந்தினர்கள் வரிசையில் நின்று, ஆளுக்கு இரண்டு நிமிடம் கட்டிலில் படுத்து நனைந்துவிட்டு வந்தார்கள். வெளியே வருகிறவர்களுக்குத் துவாலை கொடுக்க இரண்டு பேர்.

பல்கலைக்கழகத்தின் பெரியவர், டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர், பேசினார். வறுமையை ஒழிப்பது யாரும் செய்யக்கூடியது என்றும், அதைப் பல துறைகளின் வெளிச்சத்தில் பார்ப்பதற்குத்தான் பல்கலைக்கழகம் வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். கைதட்டினார்கள். அடுத்து பேராசிரியர் திருநாவுக்கரசு.

"நண்பர்களே, இன்று முதல் அசல் வீடு இதுதான். லயத்தில் இருப்பது வெறும் நகல். அது வெயிலிலும் மழையிலும் மாறிக்கொண்டே இருக்கிறது, இது மாறாது. இந்த அசலை அதன் உரியவரிடமே ஒப்படைக்கிறோம். இதற்குள் அமிர்தலிங்கம் ஐயா என்ன செய்தாலும் அது அறிவு. யாரும் தலையிடக் கூடாது. தலையிட்டால் களம் கெட்டுவிடும்."

பொன்னாடை போர்த்தினார்கள், கேடயம் கொடுத்தார்கள், மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அமிர்தலிங்கம் கடிதத்தைக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். திறந்தவர் மூடிக்கொண்டார். பேராசிரியர் சொன்னதை மனதுக்குள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டது அசல் வீட்டுக்கு. லயத்தில் இருப்பது நகல். நகலில் ஆணி அடிக்கக் கூடாது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அசலில் என்ன செய்தாலும் சரி என்று இப்போது மைக்கிலேயே சொல்லிவிட்டார்கள். வாழ்க்கையில் அவர் கேட்காமலே கிடைத்த முதல் அனுமதி அது.

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார். "தம்பி," என்றார் மருமகனிடம், "லோரியில ஸ்பேனர் இருக்கா?"

"இருக்கு மாமா. ஏணியும் இருக்கு."

தர்மேந்திரன் ஏணியோடு வந்தபோது கூட்டம் வழி விட்டது. அமிர்தலிங்கம் பொன்னாடையை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கூரையில் பதினான்கு தகரம் இருந்தது. தட்டிப் பார்த்து, வளையாததாக நான்கை மட்டும் தேர்ந்தெடுத்துக் கழற்றினார். அவருக்குப் போனது நான்குதான்.

மண்டபம் மூச்சுவிடாமல் பார்த்தது. இருநூறு ஃபோன் உயர்ந்தது. எலெய்ன் ஓடிவந்து ஸ்பேனருக்குப் பக்கத்தில் மைக்கை நீட்டினார். உழைப்பாளியின் உடல் தன் நினைவைத் தானே கலைக்கிறது என்று பேராசிரியர் தழுதழுத்த குரலில் டத்தோவுக்கு விளக்கினார். மிஷின் கோளாறாகி, சொட்டு மாறி டத்தோவின் மீது விழுந்தது. அவர் நகரவில்லை. தலையிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தகரங்களை வெளியே தூக்கிப் போகும்போது எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். லோரியில் ஏற்றும் வரைக்கும் தட்டினார்கள்.

மந்தினைத் தாண்டும்போது, "மாமா, சந்தோஷமா?" என்று தர்மேந்திரன் கேட்டான்.

அமிர்தலிங்கம் தனக்குள் தேடிப் பார்த்தார். "தெரியலப்பா. கடையில ஆணி வாங்கணும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தகரம் ஏறிவிட்டது. மயிலம்மாள் நாற்பது கட்டத்தையும் சோப்பு போட்டுக் கழுவினாள். அலுமினிய வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். நவம்பர் முதல் வாரம் ரதி வந்தாள். அன்று பெய்த மழையில் வீட்டுக்குள் ஒரு சொட்டு விழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் படுத்தவள் உடனே தூங்கிவிட்டாள். அமிர்தலிங்கம் வழக்கம்போல் எழுந்து கட்டிலை நகர்த்தப் போய், மகள் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

மூன்று வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. அசல் களம் சக ஆய்வாளரால் மாற்றியமைக்கப்பட்டதாலும், நகலும் மாறிவிட்டதாக நம்பத்தகுந்த தகவல் கிடைத்திருப்பதாலும் ஆராய்ச்சி முடிவுக்கு வந்தது. பேராசிரியர் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஆறு மாதமாக அவர் கேட்டது இதுதான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆபிசுக்குப் போனார். பெர்னார்ட் இரண்டு முறை படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"இப்ப எல்லாம் சரியா இருக்குண்ணே. ஆனா போன மாசம் நான் வந்து பார்த்தேன்லா. ஏழாம் நம்பர் கூரை நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் எழுதிட்டேன். நல்லா இருக்கற கூரைக்கு எப்படித் தகரம் கொடுக்கறது? ஸ்டோர்ல இருக்கற தகரத்தை மேலாபிசுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்க."

அமிர்தலிங்கம் சரி என்று தலையாட்டினார். ஸ்டோர் பக்கம் பார்த்தார். நான்கு தகரமும் சாய்த்து வைத்தபடியே இருந்தன. வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. லயத்தில் மாயாண்டி சமையல்கட்டில் சட்டி வைக்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்காது. ஆனால் இந்நேரம் வைத்திருப்பார்.

"அனுப்பறதுக்கு லோரி சொல்லியாச்சா, சார்?"

"எங்கண்ணே. ரெண்டு வாரமா கேட்டுக்கிட்டே இருக்கேன், ஒருத்தனும் வரல."

"மருமகன் ரதியைப் பாக்கச் சாயங்காலம் வர்றாரு," என்றார் அமிர்தலிங்கம். "லோரியிலதான் வருவாரு."